பாதி இழுத்த சோக்

1

இந்தக் கதை எனக்கு ஒரு படகுத்துறையில் கிடைத்தது. கிடைத்தது என்பதே கொஞ்சம் மரியாதையான சொல். படகு கிளம்பவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்தவர் கேட்காமலே கொட்டினார். எழுந்து ஓடவும் இடமில்லை. ஒரு பக்கம் அவர், மறுபக்கம் தண்ணீர்.

வாரப் பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டிருந்தது ஒரு காதல் கதை. "கொஞ்சம் மழை இருந்தா ஓவியருக்கு வசதி" என்றும் சொல்லியிருந்தார். நான் அனுப்பப்போவது பழைய படகு மோட்டார் ஒன்றின் சோக் கோளாறு பற்றிய கதை. மழை கிடையாது. புகை வேண்டிய மட்டும் உண்டு. ஓவியர் மன்னிக்கவும்.

நான் அன்று அக்கரைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஓர் அரங்கில் 'கதையை முடிப்பது எப்படி' என்று பேச ஏற்பாடாகியிருந்தது. தலைப்பு நான் வைத்ததல்ல. முடிக்கச் சொல்லி வாசகர்கள் கடிதம் எழுதும்வரை தொடர்கதையை இழுக்கிறவனுக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்தவர், ஒன்று என்னைப் படித்ததே இல்லை, அல்லது நன்றாகப் படித்திருக்கிறார்.

2

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்:

"மூடுபனி விலகியபோது ஆறு ஒரு வெள்ளி நாடாவைப் போல—"

வேண்டாம். நான் போனபோது மண்டையைப் பிளக்கும் வெயில். ஆறும் வெள்ளியாக இல்லை. டீயில் பால் குறைந்தால் ஒரு நிறம் வருமே, அப்படி இருந்தது.

இரண்டாவது தொடக்கம்:

"அவர் அவளைப் பார்த்தார். அவள் மோட்டாரைப் பார்த்தாள். மோட்டார்—"

ஆசிரியருக்கு இது பிடித்திருக்கும். ஆனால் இவர்கள் கல்யாணமாகி ரொம்ப வருஷமான ஜோடி. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது, ஒழுகும் குழாயை யார் எழுந்துபோய் மூடுவது என்று தீர்மானிக்க மட்டுமே.

மூன்றாவது தொடக்கம் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் அதை விட்டால் கதை நகராது. சோக் என்பது மோட்டார் மூச்சு இழுக்கும் வாயில் இருக்கும் ஒரு சின்னத் தகடு. குளிர்ந்து கிடக்கும் மோட்டாரைக் கிளப்பும்போது முன்னாலிருக்கும் குமிழை வெளியே இழுத்தால், தகடு காற்றை அடைக்கும். காற்று குறைய, பெட்ரோல் அதிகமாக, மோட்டார் பற்றிக்கொள்ளும். சூடேறியதும் குமிழை உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ளாமல் விட்டால் புகை கக்கும், பிளக் கரி பிடிக்கும், பெட்ரோல் வீணாகும்.

(இதை யாரும் வாழ்க்கையோடு ஒப்பிட வேண்டாம். ஒப்பிட்டுக் கடிதம் எழுதுவதற்கென்றே சில வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்களை எனக்குக் கையெழுத்து வரை தெரியும்.)

3

அவரைத் துறையில் எல்லோரும் கைராசி என்று கூப்பிட்டார்கள். அவருடைய மோட்டார் அவர் கைக்கு மட்டும்தான் கேட்கும் என்பது அங்கே சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட விஷயம். வேறு யார் கிளப்பும் கயிற்றை இழுத்தாலும் கிளம்பும். சோக்கை உள்ளே தள்ளியதும் இரண்டு இருமல் இருமி நின்றுவிடும். உடனே கைராசி எழுந்து வருவார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குனிவார். என்னவோ செய்வார். மோட்டார் ஓடும். "எல்லாம் பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார். துடைப்பதிலும் ஒரு தோரணை உண்டு.

அந்த முதுகுக்குப் பின்னால் நடந்தது இதுதான். சோக்கை முழுதாக உள்ளே தள்ளினால் அந்த மோட்டார் நிற்கும். பாதி இழுத்து வைத்தால் ஓடும். குமிழோ பாதியில் நிற்காது, ஸ்பிரிங் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே கைராசி ஒரு மரத் துணிக் கிளிப்பைக் குமிழுக்குப் பின்னாலிருக்கும் கம்பியில் மாட்டிவிடுவார். அக்கரை சேர்ந்ததும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் சட்டை துவைக்கப் போகும். பையிலிருக்கும் கிளிப்பை மனைவி எடுத்துக் கொடியில் மாட்டுவாள். காலையில் அவர் கொடியிலிருந்து எடுத்துக்கொள்வார். இப்படி ஒரு துணிக் கிளிப், விடுப்பே எடுக்காத சிப்பந்தியைப் போல, வீட்டுக்கும் ஆற்றுக்குமாகப் பல வருஷம் வேலைக்குப் போய்வந்தது.

(கெட்டிக்கார எழுத்தாளன் இந்த ரகசியத்தைக் கடைசிவரை ஒளித்து வைத்திருப்பான். வாரப் பத்திரிகை வாசகர் இதையெல்லாம் இரண்டாம் பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார். பிறகு என்னைக் கேலி செய்வதற்காக மட்டும் மீதியைப் படிப்பார். எதற்கு வம்பு, நானே சொல்லிவிட்டேன்.)

கயிறு இழுத்து இழுத்து அவருடைய வலது தோளில் தசைநார் கிழிந்தது. மருத்துவர் கையைத் தூக்கிக் கழுத்தில் தொங்கவிட்டு, இனி அந்த வேலையே கூடாது என்றார். அந்தத் துறையில் ஒரு படகுக்குத்தான் அனுமதி. "நான் ஓட்டறேன்" என்றாள் மனைவி. துறை அதிகாரி வந்து பார்ப்பார். அவளே கிளப்பி, அவளே ஓட்டி, அக்கரை போய்த் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் அந்த ஆறு, பொத்தானை அழுத்தினால் கிளம்பும் புது மோட்டார் வைத்திருக்கும் இன்னொருவருக்குப் போய்விடும். (பொத்தானை அழுத்தினால் கிளம்பும் மோட்டாரில் கதை இல்லை. அதனால்தான் அவர் நாயகன் ஆகவில்லை.)

கைராசி செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. "கிளிப்பை மாட்டு" என்று சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.

4

சொல்லாததற்கு அவர் தனக்குத்தானே பல காரணங்கள் சொல்லிக்கொண்டார். அவளே கண்டுபிடித்தால்தான் மனதில் நிற்கும் என்பது ஒன்று. அவள் கைக்கு மோட்டார் ஒருவேளை பழகிவிடலாம் என்பது இன்னொன்று. தன் கைக்கே அது பழகியதில்லை என்பதைத் தற்காலிகமாக மறந்துவிட்டால், இதுவும் நல்ல காரணம்தான்.

தினமும் அவள் படகில் இறங்கிக் கயிற்றை இழுத்தாள். இவர் கரையில் தொங்கும் கையோடு உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார்.

"சோக்கை மெதுவா தள்ளு."

"மெதுவாத்தான் தள்ளினேன்."

"இன்னும் மெதுவா."

"இதுக்கு மேல மெதுவான்னா நாளைக்குத்தான் உள்ள போகும்."

மோட்டார் நின்றது. அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். கயிறு உரசிய கொப்புளங்கள் உடைந்திருந்தன. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கை பழக வேண்டும் என்று சொன்னார். அந்த நேரத்தில் ஆற்றில் ஒரு மீன் துள்ளி—

(மீன் துள்ளவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை நேராக எழுதுவதற்குப் பதில் மீனைத் துள்ள விடப் பார்த்தேன். தொழில் பழக்கம்.)

5

இப்போது மனைவியின் தம்பி வருகிறான். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஆரம்பம் முதலே சந்தேகம். ஒரு வரைவில் அவனை நீக்கியேவிட்டேன். ஆனால் படகுத்துறைப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைக் கொட்டியவனே அவன்தான். கதை கொடுத்தவனைக் கதையிலிருந்து துரத்துவது, விருந்துக்குக் கூப்பிட்டவரை அவர் வீட்டைவிட்டே துரத்துவது மாதிரி. இருந்துவிட்டுப் போகட்டும்.

தம்பி ஸ்கூட்டர் பட்டறை வைத்திருக்கிறான். படகு மோட்டார் என்பது சக்கரம் கழன்ற ஸ்கூட்டர் என்பது அவன் கொள்கை. வந்தவன் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினான். சோக் தகடு முழுதாக மூடுகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தான். தகட்டின் அச்சில் துரு இருந்தது. தேய்த்து எண்ணெய் விட்டான். குமிழின் கம்பி வளைந்திருந்தது, நிமிர்த்தினான். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. தன் பட்டறையிலிருந்து விறைப்பான ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். எல்லாம் சரியான வேலை. ஒன்றில்கூடக் குறை சொல்ல முடியாது.

அதுதான் வினையாயிற்று. இதற்கு முன் துருப்பிடித்த குமிழ் கொஞ்சம் முரண்டு பண்ணி, பாதியில் சில நொடிகள் நிற்கும். அதுவரை மோட்டாரும் ஓடும். இப்போது விரலை எடுத்ததும் 'டக்'கென்று உள்ளே போயிற்று. மோட்டாரும் அதே நொடியில் நின்றது. சோக் சரியாகச் சரியாக மோட்டார் கெட்டது.

"அக்கா, சோக் இப்ப புதுசு மாதிரி" என்றான் தம்பி.

"மோட்டார்?"

"அது பழசுதானேக்கா."

அவள் குமிழை இழுத்துப் பார்த்தாள், விட்டுப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டாள்: "இழுத்தா ஓடுது, தள்ளினா நிக்குது. அப்போ சோக்கு ஒழுங்காத்தானே இருக்கு? வேற எங்கியோ பெட்ரோல் பத்தல. அதை இது மறைக்குது."*

"அக்கா, தினம் எங்கிட்ட எத்தனை வண்டி வருது தெரியுமா? நீ போய்த் துணியை எடு. மழை வர்ற மாதிரி இருக்கு."

மழை வரவில்லை. (ஓவியரிடம் மறுபடியும் மன்னிப்பு.) ஆனால் துணி என்ற சொல்லைக் கேட்டதும் கரையில் உட்கார்ந்திருந்த கைராசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா, தோள் வலிக்குதா?" என்று தம்பி அக்கறையாக விசாரித்தான். ஆமாம் என்றார். அன்று அவர் சொன்ன பொய்களில் அது சின்னது.

* அவள் சொன்னது சரி. சோக்கை இழுத்தால் மட்டும் ஓடும் மோட்டாரில், பெரும்பாலும் சோக் நிரபராதி. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் ஊசித்துளை ஒன்று உண்டு, ஜெட் என்பார்கள். பழைய பெட்ரோல் பிசின் மாதிரி இறுகி அதை அடைத்திருக்கும். இல்லாவிட்டால் பெட்ரோல் குழாயில் எங்காவது காற்று புகும். சோக் தன் பங்குக்குக் கூடுதலாக உழைத்து இன்னொன்றின் குறையை மூடி வைக்கும். வாழ்க்கையோடு ஒப்பிட வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

6

இந்தப் பகுதி நான் பார்த்ததல்ல. பிறகு துறையில் காதில் விழுந்த ஒரு வாக்கியத்திலிருந்து கட்டிக்கொண்டது. சரிபார்க்க விரும்புவோர் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம். வாங்கிக் கட்டிக்கொண்டு வரலாம்.

மாலை வெயில். வீட்டின் பின்பக்கம். அவள் துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கிளிப்புகளைக் கழற்றிப் பிளாஸ்டிக் கூடையில் போட்டாள். சமையலறை ஜன்னலில் நின்று கைராசி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் வெளுத்த மரக் கிளிப்புகள். ஒன்று மட்டும் கறுத்திருந்தது. அது அவள் கைக்கு வந்ததும், கை கொஞ்சம் நின்றது. முகர்ந்து பார்த்தாள். அதன் வாயில் கம்பி பதிந்து பதிந்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதில் நகத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு மற்றவற்றோடு கூடையில் போட்டுவிட்டாள்.

கவனிக்கவில்லை என்று கைராசி முடிவு செய்தார். கணவன்மார்களுக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

அவள் உள்ளே வந்தாள். இவருக்கு வாய் வரை வந்தது.

"பாரு..."

அவள் நின்றாள். துணி மூட்டையோடு, அவசரமே இல்லாமல், திரும்பி நின்றாள். "என்னங்க?"

சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு யாரும் இல்லை. சிரிப்பதற்குத் துறையாட்கள் இல்லை. இதைவிட நல்ல வாய்ப்பை நான் எந்தக் கதாபாத்திரத்துக்கும் கொடுத்ததில்லை.

"சாப்பாடு ஆச்சா?" என்றார்.

"ஆவுது" என்று அவள் உள்ளே போனாள். அவர் கூடையிலிருந்து கறுத்த கிளிப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். கைவசம் சில இருக்கின்றன.

ஆசிரியர் விரும்பக்கூடிய முடிவு: சோதனை நாளன்று மழை. அவள் நனைந்தபடி கயிற்றை இழுக்கிறாள். அவர் கரையிலிருந்து ஓடிவந்து, "உன்னை நம்பறேன்" என்கிறார். மோட்டார் கிளம்புகிறது. ஏன் கிளம்புகிறது என்று கேட்கக் கூடாது. நம்பிக்கை பெட்ரோலில் கலந்துவிட்டது.

தம்பி சொன்ன முடிவு: தம்பி வருகிறான், சரி செய்கிறான். முழுவதையும் கேட்டேன். நீளமாக இருந்தது.

கைராசி மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கக்கூடிய முடிவு: அதிகாரி உதட்டைப் பிதுக்குகிறார். கைராசி கழுத்துக் கட்டைப் பிய்த்தெறிந்து படகில் குதிக்கிறார். ஒரு தொடல். மோட்டார் உறுமுகிறது. துறையே கை தட்டுகிறது, மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். இதை நான் முழுசாக எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. பிறகு அந்தக் கொப்புளங்கள் ஞாபகம் வந்தன. கிழித்துப் போட்டேன்.

8

இனி நான் கண்ணால் பார்த்தது.

நான் போனபோது மோட்டாரின் மூடி திறந்திருந்தது. புடவைக்கு மேல் ஓர் ஆண் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை பெட்ரோல். "அக்கா சும்மா திறந்து பாக்குது. நான் எல்லாம் பாத்தாச்சு" என்றான் என் பக்கத்திலிருந்த தம்பி. பலகையின் கடைசியில் கழுத்துக் கட்டோடு ஒருவர், இடது கையைச் சட்டைப் பையின் மேல் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். நெஞ்சுவலியாக்கும் என்று நினைத்தேன்.

சொன்ன நேரத்துக்கு முன்பே துறை அதிகாரி வந்துவிட்டார். அவள் அவசரமாக மூடியைப் போட்டாள். அதிகாரி படகில் ஏறிக் குடையை விரித்துக்கொண்டு, கனத்துக்கு ஒரு பயணி வேண்டும் என்றார். சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "சார் ஒருத்தர் போதும்" என்றார். இத்தனை காலம் எழுதியதற்கு எனக்குக் கிடைத்த அங்கீகாரம் அது.

அவள் சோக்கை இழுத்து, கயிற்றை இழுத்தாள். ஒரு இருமல். மறுபடி இழுத்தாள். பற்றிக்கொண்டது. புகை எங்கள் முகத்தில் அடித்தது. ஒரு கை படகைத் திருப்பும் கம்பியில். மறு கை, ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளாதபடி குமிழைப் பிடித்திருந்தது. படகு இன்னும் தூணில் கட்டியிருந்தது.

"கட்டை அவிழுங்கம்மா" என்றார் அதிகாரி.

"கை இல்லை சார்."

கரையில் நின்ற புது மோட்டார்க்காரர், ராசியான கை வீட்டுக்காரரிடம் அல்லவா இருக்கிறது என்றார். நாலு பேர் சிரித்தார்கள். மோட்டார் சூடேறிப் புகை கறுத்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தால் பிளக் நனைந்து தானாகவே நின்றுவிடும்.

கைராசி எழுந்தார். இடது கையால் இடது பையைத் துழாவுவது கஷ்டமான காரியம். கொஞ்சம் நேரம் பிடித்தது. வெளியே எடுத்து நீட்டினார். மெதுவாகச் சொல்லியிருந்தால் அவளோடு போயிருக்கும். மோட்டார் சத்தத்தில் மெதுவாகச் சொல்ல முடியவில்லை. அவர் வாழ்நாளில் கத்திச் சொல்ல விரும்பாத ஒன்றைத் துறை முழுவதும் கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது.

"இதை மாட்டு. குமிழுக்குப் பின்னால, கம்பியில. பாதியில நிக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "என் கையில ஒண்ணுமில்ல. இவ்வளவு நாளும் இதுதான் ஓட்டுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. உண்மைக்குக் கிடைத்த ஒரே பதில் அதிகாரியிடமிருந்து வந்தது.

"துணிக் கிளிப்புல ஓடற மோட்டாருக்கு நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. நடு ஆத்துல அது தெறிச்சு விழுந்தா?"

அவ்வளவுதான். இத்தனை நாள் சொல்லாததால் அவள் கை கிழிந்தது. சொன்னதால் படகே போகப் பார்த்தது. (நியாயமான உலகத்தில் கதை எழுதும் பாக்கியம் எனக்கு இல்லை.) கைராசி கிளிப்பை நீட்டியபடியே நின்றார், மடக்கத் தோன்றாமல்.

அவள் அவரைப் பார்த்தாள். குழாயை மூடுவது யார் என்ற பார்வை இல்லை அது.

"அதை உங்க பையிலேர்ந்து எத்தனை தடவை எடுத்துக் கொடியில மாட்டியிருக்கேன். என்னத்துக்குன்னு நேத்துதான் புரிஞ்சுது."

"புரிஞ்சதும் ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்களான்னு பாத்தேன். நீங்க சாப்பாடு ஆச்சான்னு கேட்டீங்க."

தம்பி தான் கழற்றி மாட்டிய திருகாணிகளை வாய்க்குள் எண்ண ஆரம்பித்தான். அவள் அதிகாரியிடம் திரும்பினாள். ஜெட்டில் பிசின் அடைத்திருந்தது, கார்புரேட்டரைக் கழற்றிக் கம்பிப் பிரஷின் முள் ஒன்றால் எடுத்துவிட்டேன், ஓட்டிப் பார்ப்பதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றாள். சரியாயிற்றா என்று அவர் கேட்டார். தள்ளினால்தான் தெரியும் என்றாள்.

"அப்ப தள்ளுங்க" என்று அதிகாரி குடையை மடக்கினார்.

கைராசி குனிந்து, கிளிப்பைப் படகில் அவள் பக்கம் வைத்துவிட்டு, தூணிலிருந்த கட்டை இடது கையால் அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்தும் இழுத்தார். யாரும் உதவ முன்வரவில்லை. அது அவருடைய வேலை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. படகு கரையை விட்டு ஒரு முழம் விலகியது. அவள் திருப்பும் கம்பியை முழங்கையால் அணைத்துக்கொண்டு, அந்தக் கிளிப்பை எடுத்துத் தன் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டாள். தேவைப்பட்டால் எடுப்பதற்கா, இனி தேவையில்லை என்பதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

பிறகு குமிழைத் தள்ளினாள்.

9

தள்ளினாள் என்பது நிச்சயம். 'டக்'கென்று கேட்டது, தம்பி போட்ட ஸ்பிரிங் ஆயிற்றே. அதற்குப் பிறகு கேட்டது என்ன, அல்லது கேட்காமல் போனது என்ன என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். படகு இப்போது உங்கள் பொறுப்பில். ஆறு ஆழமானது, அதிகாரிக்கு நீச்சல் தெரியாது, இவற்றை மட்டும் மனதில் வையுங்கள்.

நான் பார்த்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த நொடியில் துறையில் இருந்த எல்லோரும் மோட்டாரைப் பார்த்தார்கள். கைராசி மட்டும் அவள் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை, பழக்கத்தில், காலியான பையின் மேல் இருந்தது.

அக்கரை அரங்கில் நான் பேசினேனா என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.